வெள்ளிமலை வாத்தியார்

வெள்ளிமலையில் எங்கள் தாத்தாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் சார். பெரியவர்களுக்கு வாத்தியாரய்யா. அவர் வயதை ஒத்த ஊர்க்கவுண்டர் மட்டும் வாசலில் நின்று, “வாத்தியாரே...” என்று உரிமையோடு நீட்டுவார். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் தாத்தா எழுந்து திண்ணைக்கு வந்துவிடுவார். தாத்தா என் அம்மாவின் அப்பா. சமவெளியில் பிறந்து, மிஷன் விடுதியில் தங்கிப் படித்து, ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு ஒரு தகரப் பெட்டியும் வேதாகமமும் எடுத்துக்கொண்டு மலையேறியவர். கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்றுதான் போனாராம். கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

அவர் முதலில் போனபோது மேலே ஏற நடைதான். கச்சிராயபாளையம்வரை வண்டி, அதன்பிறகு காட்டுத்தடம். பேரப்பிள்ளைகள் எங்கள் காலத்தில் பேருந்து வந்திருந்தது. கள்ளக்குறிச்சியில் ஏறி உட்கார்ந்தால், கோமுகி அணையின் தண்ணீர் கண்ணில் பட்டதும் நாங்கள் சன்னலுக்கு அடித்துக்கொள்வோம். வளைவுக்கு வளைவு வெயில் தணியும். கடுக்காய் மரங்களும் மூங்கில் புதர்களும் வரும், பிறகு சரிவுகளில் சாமைக் கொல்லைகள். பேருந்தை விட்டு இறங்கினால் மே மாதத்திலும் காற்றில் ஒரு ஈரம் இருக்கும். கூடவே எங்கிருந்தோ பழுத்த பலாவின் வாசனை. அந்த வாசனை வந்துவிட்டால் தாத்தா வீடு வந்துவிட்டது என்று கடைசித் தம்பிகூடச் சொல்லிவிடுவான்.

கல்வராயன் மலையை வடக்கே சின்னக் கல்வராயன், தெற்கே பெரிய கல்வராயன் என்று பிரித்துச் சொல்வார்கள். சின்னது ஏறக்குறைய 2,700 அடி உயரம். பெரியது 4,000 அடியை எட்டும். இன்று கல்வராயன்மலை வட்டத்தின் தலைமையிடம் வெள்ளிமலை. தாலுகா அலுவலகமும் கடைத்தெருவுமாக இருக்கிறது. தாத்தா ஏறிய நாளில் அரசாங்கம் என்பதே அங்கே அரைகுறையாகத்தான் இருந்தது. சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்களின் கையில் இருந்தது மலை. வரி அவர்களுக்குப் போனது. கூலியில்லாத உழைப்பும் அவர்களுக்கே போனது. 1976-இல்தான் அது முடிவுக்கு வந்தது; கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. எதையும் மெதுவாகவே பேசும் தாத்தா இதைச் சொல்லும்போது மட்டும் குரலை உயர்த்துவார். “நமக்கு நாப்பத்தேழுல கெடச்சது, இவங்க வாசலுக்கு வர்றதுக்கு ஒரு தலமுறை ஆச்சு பாரு.”

மலையாளிப் பழங்குடி மக்கள் அவரை எடுத்தவுடன் நம்பவில்லை. கீழேயிருந்து வருகிறவன் வரி கேட்பான், இல்லையென்றால் கடுக்காயையும் தேனையும் அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போவான் என்பதுதான் அவர்கள் கண்ட வழக்கம். பள்ளிக்கூடம் என்று அவர் திறந்த கூரைக்கொட்டகைக்கு நாள்கணக்கில் ஒரு பிள்ளையும் வரவில்லையாம். அவரை ஊருக்குள் சேர்த்தது பாடம் அல்ல, மருந்துப்பெட்டி. டிங்சர், கொய்னா மாத்திரை, கண்ணுக்குப் போடும் களிம்பு, வெள்ளைத்துணி. மருத்துவம் படித்தவரில்லை அவர். மிஷன் ஆஸ்பத்திரியில் சில வாரம் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றதுதான். தன் கைக்கு மீறியதைத் தொடமாட்டார். தூளி கட்டி ஆட்களோடு தானும் ஒரு முனை பிடித்துக் கீழே இறக்கிவிடுவார்.

அவர் கை தேர்ந்த ஒரு வைத்தியம் இருந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது: நரம்புச் சிலந்தி. படியில் இறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறுள்ள ஊர்களில் அது இருந்தது. காலில் கொப்புளம் உடைந்தவர் தண்ணீரில் கால் வைத்ததும், உள்ளேயிருக்கும் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். அவற்றைத் தின்ற பொடி நீர்ப்பூச்சிகளோடு அந்தத் தண்ணீரைக் குடிப்பவர் உடம்பில் அது ஏறக்குறைய ஒரு வருஷம் வளரும். பிறகு நூல் போல மெல்லிய, இரண்டு மூன்று அடி நீளப் புழுவாகத் தோலைத் துளைத்துக்கொண்டு வரும். அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும். அறுந்தால் கால் சீழ் வைத்து, விதைப்புக் காலம் முழுக்க ஆள் படுக்கைதான். குச்சி ஒன்றில் புழுவின் தலையைச் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, வலிக்காமல் உருட்டி எடுக்கவேண்டும். பள்ளி விட்டதும் திண்ணையில் இரண்டு பேர், மூன்று பேர் என்று கால்நீட்டி உட்கார்ந்திருப்பார்களாம். தாத்தா ஒவ்வொருவராகக் குச்சி உருட்டுவார். உருட்டிக்கொண்டே, கிணற்றுக்குச் சுவர் வை, கயிறு போட்டு இறை, துணியில் வடிகட்டிக் குடி என்பார். அ, ஆ எழுதக் கற்குமுன்பே பிள்ளைகளுக்கு இது மூன்றும் மனப்பாடம் என்று அம்மா சொல்லுவாள். ஊர்க்கிணற்றுக்குச் சுவர் வைத்தபோது கல் எடுத்துக்கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். 2000-ஆம் ஆண்டில் இந்தியா அந்த நோயிலிருந்து விடுபட்ட நாடாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பர்த் துண்டை மடித்துத் தன் வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். சங்கீதங்களின் பக்கம் அது.

குச்சி உருட்டும் அந்தப் பொறுமைக்கு அவர் ஒரு வழிகாட்டியைச் சொல்வார்: கொல்லிமலையின் ஜெஸ்ஸி பிராண்ட். 1907-இல் இங்கிலாந்திலிருந்து வந்தவர். கட்டட வேலை தெரிந்தவர், ஓராண்டு அடிப்படை மருத்துவம் கற்றவர். 1913-இல் ஈவ்லின் அம்மாளை மணந்து, இருவருமாகக் கொல்லிமலையில் குடியேறினார்கள். பள்ளி, மருந்து, தச்சு, விவசாயம் என்று எல்லாவற்றிலும் கை வைத்தார் ஜெஸ்ஸி. 1929 ஜூனில் மலைக்காய்ச்சல் முற்றி, நாற்பத்து நாலு வயதில் அங்கேயே இறந்தார். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் என்று சுற்றியுள்ள மலைகளுக்கெல்லாம் போகவேண்டும் என்பது அந்தத் தம்பதியின் ஆசை. கணவர் பாதியில் விட்டதை மனைவி கையில் எடுத்தார். மிஷன் ஓய்வு கொடுத்து அனுப்ப நினைத்த வயதில், எழுபதை நெருங்கும்போது, ஈவ்லின் அம்மாள் தன் சொந்தப் பொறுப்பில் கல்வராயன் மலைக்கு வந்தார். மட்டக்குதிரை மேல் ஊர் ஊராகப் போனார். நடை தளர்ந்த பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு போனார். நரம்புச் சிலந்திக்கு எதிராக இந்த மலையிலும் அவர் பாடுபட்டார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்து, கொல்லிமலையில் கணவர் பக்கத்தில் அடக்கமானார். எங்கள் தாத்தா அந்த அம்மாளைப் பற்றிப் பேசும்போது அவருடைய ஊழியத்தை இரண்டாவதாகத்தான் சொல்வார். “புருஷன் சொல்லிட்டுப் போன வார்த்தைய நாப்பத்தஞ்சு வருஷம் மறக்காம வச்சிருந்தா பாரு, அது” என்பதுதான் முதல்.

தாத்தா எப்படிப்பட்ட கணவர் என்பதை நான் எழுதியாக வேண்டும். அவருடைய விசுவாசத்தை நான் நம்பியது அதனால்தான்.

ஆயா டவுனில் வளர்ந்தவள். கல்யாணமாகி மேலே வந்த புதிதில் இருட்டுக்கும் மழைக்கும் பயந்து அழுவாளாம். தலைப்பிள்ளை ஆண்; பால்குடி மறக்குமுன் காய்ச்சலில் போய்விட்டது. கோயில் கொட்டகைக்குப் பின்னால் அடக்கம் செய்து, தாத்தாவே கல் சுமந்து வந்து சுற்றிலும் பதித்தார். அன்று இரவு ஆயா தன் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். தாத்தா தடுக்கவில்லை. ‘தேவசித்தம்’ என்று பிரசங்கமும் செய்யவில்லை. “நீ எறங்கலாம்னு சொன்னா எறங்கிடலாம்மா. கீழயும் பள்ளிக்கூடம் இருக்குது” என்று மட்டும் சொன்னாராம். பெட்டி நாள்கணக்கில் அடுக்கியபடியே கிடந்திருக்கிறது. ஒரு காலையில் மலையாளிப் பெண்கள் இரண்டு பேர் சாமைக்கஞ்சியும் கொள்ளுத் துவையலும் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். அன்றைக்குத்தான் பெட்டியைப் பிரித்தேன் என்பாள் ஆயா. தங்கியது அவள் முடிவு. “ஒங்க ஆயா இருந்ததால நான் இருந்தேன்” என்று தாத்தா சாகும்வரை சொன்னார்.

சர்க்கரை நோய் ஆயாவின் கண்ணை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அடுப்படி தாத்தாவுடையது. வாத்தியார் அம்மியில் அரைக்கிறாரே என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் அரைத்துக்கொண்டே இருந்தார். களி கிண்டுவார், ஆயாவுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார். ஆனால் அவர் செய்ததில் எனக்குப் பெரியதாகத் தெரிவது வேறொன்று. சாயங்காலம் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது தடத்தில் யாராவது வந்தால், தாத்தா தலையைத் திருப்பாமல் தாழ்ந்த குரலில், “மேட்டு வீட்டுப் பொண்ணு வருது. புதுச்சேல, மாந்துளிர் கலரு. இடுப்புல பெரிய பையன்” என்பார். அந்தப் பெண் கிட்டே வந்ததும் ஆயா, “என்னாடி, புதுச்சேலயா? பையன் கனக்கறானா?” என்பாள். வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். பார்வை போனவளுக்கு ஆறுதல் சொல்லும் தொனி யாருக்கும் வராமல் பார்த்துக்கொண்டார் அவர். இந்த ஏற்பாடு பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். நாங்களும் யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவையும் மாமாவையும் படிக்கக் கீழே அனுப்பினார்கள். பெண்பிள்ளையை எதற்கு விடுதியில் போடுகிறாய் என்று உறவில் சிலர் வருத்தப்பட்டார்கள். அந்த வருத்தத்துக்குத் தாத்தா பதில் சொன்னதில்லை. ஜூன் மாதம் பிறந்ததும் அம்மாவின் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். பிறகு வாரம் தவறாமல் அஞ்சல் அட்டை. அம்மாவின் டிரங்குப் பெட்டியில் அந்த அட்டைகள் ஒரு கட்டாக இன்னும் இருக்கின்றன. நல்ல பிள்ளையாக இரு, படி என்றெல்லாம் அதிகம் இல்லை. பலா பிஞ்சு வைத்திருக்கிறது. வெள்ளாடு இரண்டு குட்டி போட்டது, ஒன்றுக்கு உன் பெயர் வைத்தோம். பெரியார் அருவியில் தண்ணீர் நிறைய விழுகிறது, நீ இல்லாமல் பார்த்தேன். கடைசி வரியில் அன்றைய வேதவசனத்தின் அதிகார எண் மட்டும் இருக்கும், வசனம் இருக்காது. அவள் எடுத்துப் படிக்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அம்மா விடுதியில் இரவில் அந்த எண்ணைத் தேடிப் படித்தாள்.

ஜெஸ்ஸி பிராண்டும் இப்படித்தான் எழுதினார் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒன்பது வயது மகன் பாலை 1923-இல் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டு வந்தபிறகு, மலையின் மரங்களையும் பறவைகளையும் கடிதம் கடிதமாக அவனுக்கு அனுப்பினார். அப்பா இறந்துவிட்டார் என்று தந்தி போய்ச் சேர்ந்தது. கப்பலில் மெதுவாக வந்த அப்பாவின் கடிதம் அதற்குப் பின்பு மகன் கைக்கு வந்தது. அந்த மகன்தான் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட். ஆறு பிள்ளைகளுக்கு அப்பா, பேரப்பிள்ளைகளைக் கண்டவர், 2003-இல் மறைந்தவர். அப்பாவோடு அவர் கழித்தது ஒன்பது வருஷம். அதைத் தன் புத்தகங்களில் வாழ்நாளெல்லாம் எழுதினார்.

அவருடைய கட்டுரை ஒன்றை நான் தாத்தாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். மலையில் சிறுவர்கள் வயல் சேற்றைக் கலக்கித் தவளை பிடிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், எல்லாரும் தாத்தா என்று அழைக்கும் மனிதர், ஒரு கை சேற்றை அள்ளிக் காட்டி, இது வரப்பு தாண்டி ஓடிவிட்டால் திரும்ப மேலே வராது, இதில்தான் நம் சோறு இருக்கிறது என்று விளக்குகிறார். பால் பிராண்ட் வயதான காலத்திலும் அந்த ஒரு கைச் சேற்றை மறக்கவில்லை. தாத்தா கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனார். சரிவில் அவர் அடுக்கிய கல்வரப்புகளில் மழைக்குச் சரிந்த இடங்களைக் காட்டினார். அந்த விடுமுறை முழுக்க எங்களுக்குக் கல் பொறுக்கும் வேலை. கூலி, ஆளுக்கு இரண்டு பலாச்சுளை.

பேரப்பிள்ளைகளிடம் அவர் கண்டிப்பு காட்டிய ஒரே இடம் விடியற்கால ஜெபம். அரிக்கேன் வெளிச்சத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்காருவோம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், பிறகு ஜெபம். தனக்கென்று ஒரு வரி கேட்பார்; மற்றதெல்லாம் ஊர். வீட்டுக்கு வீடு பெயர் சொல்லுவார். கால் புண் ஆறாதவர், பிரசவத்துக்குக் காத்திருப்பவள், பட்டா கேட்டு அலைகிறவர், தன்னோடு எல்லைத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்டவர். வரிசை முடிவதற்குள் எங்களில் இரண்டு பேர் தூங்கிவிடுவோம். அடுப்புப் பக்கம் ஒரு மண்கலயம் இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஆயா ஒரு பிடி சாமையை அதில் போடுவாள். பிடியரிசிக் காணிக்கை என்று சமவெளிச் சபைகளில் செய்வதுதான்; இங்கே பிடிச்சாமை. ஞாயிறன்று அது கோயிலுக்குப் போகும். கோயிலிலிருந்து யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தாத்தாவுக்குத் தெரியும்.

ஊரில் பெரும்பாலானவர்கள் கரியராமரைக் கும்பிடுகிறவர்கள். திருவிழா நாளில் தாத்தா தடத்தின் ஓரம் பானை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார். கீழேயிருந்து வந்த ஒரு பெரியவர் இது தகுமா என்று கேட்டார். “அவங்க சாமிய நான் கும்புடலீங்க. தாகத்துக்குத் தண்ணி குடுக்கறத எஞ்சாமி வேணாம்னு சொல்லல” என்றார் தாத்தா. அதற்குமேல் பேச்சு இல்லை. எங்கள் அறுப்பின் பண்டிகையில் பூசணியும் மொச்சையும் தேனும் ஏலத்துக்கு வரும்போது, முதல் குரல் ஊர்க்கவுண்டருடையதாக இருக்கும். அவர் கடைசிவரை ஞானஸ்நானம் பெறவில்லை. தாத்தாவின் ஜெபத்தில் அவர் பெயர் ஒருநாளும் விட்டுப்போனதும் இல்லை.

சாராய ஊறல் போடும் ஒருவர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவில் வந்தது நினைவிருக்கிறது. கொதிக்கும் பானை சரிந்து பிள்ளையின் தொடை வெந்திருந்தது. தாத்தா புண்ணைக் கழுவிக் கட்டினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. முடித்துவிட்டு, “சாமை மூட்ட என்ன வெலைக்குப் போட்ட இந்த வருஷம்?” என்று கேட்டார். அந்த மனிதர் தொகையைச் சொன்னதும் தாத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். கூட்டுறவுச் சங்கத்தில் சாமைக்கும் கடுக்காய்க்கும் புளிக்கும் நல்ல விலை கேட்டு அவர் எழுதிய மனுக்கள் அதற்குப் பிறகுதான் அதிகமாயின. சாராயத்தை எதிர்த்து மேடையில் பேசுகிறவர்கள் அந்த விலையைக் கேட்டிருக்கிறார்களா என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, கல்வராயன் மலையின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அதற்கு முன்பு செம்மரம் வெட்டக் கூலிக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களின் செய்திகளில் வந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து, இந்த மலை மக்களுக்குச் சாலை, மருத்துவம், பள்ளி எல்லாம் ஏன் இன்னும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று கேட்ட பிறகுதான் வேறு கேள்விகளும் எழுந்தன. சாமை விலையோடு சேர்த்துத் தாத்தா மனுக்களில் எழுதியதும் இந்தக் கேள்விகளைத்தான். குற்றத்தின் பெயரால் மட்டும் ஒரு மலையை அறிந்துகொள்வது அநியாயம். சாமை விதைத்தவர்களும், சோகத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்களும், குச்சி உருட்டியவர்களும் அந்த மலையின் வரலாற்றில் உண்டு.

ஆயா போன மறுவருஷம் தாத்தாவும் போனார். கீழே கொண்டுவந்து அடக்கம் செய்யலாம் என்று மாமா நினைத்தார். ஊர்க்கவுண்டரின் மகன் வந்து, குழி வெட்டியாயிற்று என்றார். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பதித்த கற்களுக்கும் ஆயாவுக்கும் பக்கத்தில் இடம் எடுத்திருந்தார்கள். தூக்கிச் சென்ற தோள்களில் பெரும்பாலானவை அவரிடம் எழுத்துக் கற்றவர்களுடையவை.

அம்மாவின் பெட்டியிலுள்ள அஞ்சல் அட்டைகளை இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்வராயன், கொல்லி, பச்சைமலை, ஏற்காடு என்று இந்த மலைகளில் ஆசிரியராக, நர்ஸாக, கம்பவுண்டராக, உபதேசியாராக இருந்தவர்களின் வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பரணில் இருக்கும் பழைய கடிதங்கள், மருந்துக் கணக்கு, பள்ளிப் பதிவேடு, படங்கள் எதையும் வீடு மாற்றும்போது எரித்துவிடாதீர்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும். இன்னொன்றை அந்தந்த மலையிலுள்ள பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். தங்கள் ஊரில் யார் கிணற்றுக்குச் சுவர் வைத்தார்கள் என்பது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.